இல்லாமல் போன கோள்

“விஞ்ஞானம் இன்றைக்கு ஒன்று சொல்லும், நாளைக்கு மாற்றிச் சொல்லும். அதுவும் ஒரு நம்பிக்கைதானே?” என்று அடிக்கடி கேட்கிறார்கள். மாற்றிச் சொல்லும் என்பது உண்மை. ஆனால், அதனாலேயே அது இன்னொரு நம்பிக்கை ஆகிவிடாது.

யுரேனஸ், நியூட்டனின் விதி காட்டிய பாதையை விட்டுச் சற்றே விலகிப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் ஒரு கோள் இருந்து இழுக்கிறது என்று கணக்கிட்ட பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே, அது இருக்கும் இடத்தைக் குறித்து பெர்லினுக்கு எழுதினார். 1846 செப்டம்பர் 23 அன்று கடிதம் கிடைத்தது. அன்றிரவே யோஹான் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைகூடத் தள்ளாமல் நெப்டியூன் நின்றது.

அடுத்து புதன். சூரியனை மிக நெருங்கும் அதன் புள்ளி, கணக்கைவிட நூறாண்டுக்கு 43 விகலை கூடுதலாக நகர்கிறது. பாகையில் 3,600இல் ஒரு பங்குதான் விகலை. அவ்வளவு சிறிய பிசகையும் லெ வெரியே விடவில்லை. 1859இல் சூரியனுக்கருகே இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்றார். அதைப் பார்த்ததாக ஒரு கிராமத்து மருத்துவர் எழுதினார். காகிதத்துக்குப் பதில் மரப்பலகையில் குறிப்பெழுதி, நிரம்பியதும் இழைப்புளியால் சீவிவிட்டு மறுபடி எழுதுகிறவர் அவர். லெ வெரியே நேரில் போய் விசாரித்து, நம்பித் திரும்பினார். கோளுக்கு ‘வல்கன்’ என்று பெயரும் விழுந்தது.

அப்படி ஒரு கோளே இல்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கொள்கை, எந்தக் கோளின் துணையும் இல்லாமல் அந்த 43 விகலையைத் தந்தது. குறை நியூட்டனின் விதியிலேயே இருந்தது. லெ வெரியே அதை அறியாமலே 1877இல் இறந்தார். அதுவும் ஒரு செப்டம்பர் 23.

அதே மனிதர், அதே வழிமுறை, அதே உறுதி. எது நெப்டியூன், எது வல்கன் என்று அவர் மனத்துக்குள்ளிருந்து எதுவும் சொல்லவில்லை. அந்த உறுதியை நம்பிக்கை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. அது இல்லாமல் யாரும் இரவிரவாகக் கண்விழித்துக் கணக்குப் போட மாட்டார்கள். ஆனால், தீர்ப்பு அவர் கையில் இல்லை, வானத்தின் கையில் இருந்தது. எத்தனை பெரிய மேதையின் சொல்லையும் ஓர் அளவீடு தள்ளிவிடலாம் என்ற ஏற்பாட்டில்தான் அறிவியல் நிற்கிறது.

வேறு வகை நம்பிக்கையும் உண்டு. அப்பா மருத்துவமனையில் கிடந்தபோது அம்மா தினமும் விளக்கேற்றி வேண்டினாள். அப்பா வீடு திரும்பவில்லை. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் அந்தியில் அதே விளக்கைத் துலக்கி, திரி போட்டு மறுபடி ஏற்றினாள். அவளுடைய நம்பிக்கை ஒரு கணிப்பாக இருந்திருந்தால் அன்றே பொய்த்திருக்கும். அவளுக்கு அது சாய்ந்துகொள்ளும் தோள். விளக்கேற்றுவதற்கு ‘அறிவியல் காரணம்’ தேடித் தருகிறவர்கள் அந்தத் தோளையும் அறியவில்லை, அறிவியலையும் அறியவில்லை.

இப்போதும் அண்டத்தில் கணக்கு இடிக்கிறது. விண்மீன் மண்டலங்கள் சுழலும் வேகத்துக்கு, கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு போதவில்லை. ‘கரும்பொருள்’ இருக்கிறது என்கிறார்கள். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், பழைய தங்கச் சுரங்கமொன்றில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில், 10 டன் திரவ செனானை வைத்துக்கொண்டு கரும்பொருளின் ஒரு துகளாவது அதில் மோதாதா என்று காத்திருக்கிறார்கள். அது நெப்டியூனா வல்கனா என்பது அங்கே காத்திருக்கும் எவருக்கும் தெரியாது.