ஹெல்மெட்டுக்குள்ள போட எந்த இயர்பட் நல்லம், சேர்?



கொஞ்சம் நீளமான பதிவு. கோபமும் இருக்கும். முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

இந்த வருசம் மட்டும் ஏழெட்டுப் பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். என்னிடம் படித்த பொடியள், கூடப் படிப்பிக்கிற ஆசிரியர்கள், ஒரு பிள்ளையின் தகப்பன்கூட. "சேர், ஹெல்மெட் போடேக்க காது நோகாமல், வெளியில தெரியாமல் இருக்கிற மாதிரி சின்ன இயர்பட் எது நல்லம்?" போன் விசயம் தெரிந்தவன் என்று நம்பிக் கேட்கிறார்கள். அந்த மரியாதைக்கு நன்றி. பதில் இதுதான்: ஒன்றும் நல்லமில்லை.

கேள்வியில் இருக்கிற "வெளியில தெரியாமல்" என்ற சொல்லைக் கவனியுங்கள். யாருக்குத் தெரியாமல்? மானிப்பாய்ச் சந்தியில் நிற்கிற பொலிசுக்கும், படலையில் நிற்கிற அம்மாவுக்கும். பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முந்தி எங்கள் ஆட்கள் நொக்கியா போனை ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் செருகிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சரித்துக் கதைத்தபடி போவார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் பின்னால் வருகிறவனுக்கு "இவர் கதைச்சுக்கொண்டு போறார், விலத்திப் போவம்" என்று தெரியும். இப்போது சாமான் சின்னதாகிவிட்டது. பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஹோன் அடித்தால் கேட்கும் என்று நம்பித்தான் முந்துகிறான்.

சின்னது தேடுவதற்கு அவர்கள் சொல்லும் காரணம் உண்மைதான். வால் வைத்த இயர்பட் ஹெல்மெட்டை இழுத்துப் போடும்போது கழன்று விழும். விழாவிட்டால் கன்னத்துப் பஞ்சு அதை உள்ளே அழுத்தும். சண்டிலிப்பாயில் இருந்து ரவுணுக்குப் போய்ச் சேர முன்னம் காது கொதிக்கும். அதனால் தட்டையானது, இன்னும் தட்டையானது என்று கஸ்தூரியார் வீதிக் கடைகளில் ஏறி இறங்குகிறார்கள்.

அந்த நோவு ஏன் வருகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. ஹெல்மெட்டின் வெளி ஓட்டுக்கு உள்ளே ரெஜிபோம் மாதிரி ஒரு கட்டிப் பஞ்சு இருக்கிறதே, விழும்போது அதுதான் நசிந்து அடியை வாங்குகிறது. அடியை ஒரு புள்ளியில் விடாமல் பரப்பிக் கொடுப்பது அதன் வேலை. அதற்கும் உங்கள் காதுக்கும் நடுவில் கடினமான பிளாஸ்ரிக்கும் பற்றரியும் கொண்ட ஒரு கட்டியை வைத்தால், பக்கவாட்டில் விழுகிறபோது அடி அந்த இடத்தில்தான் குவியும். ஐரோப்பாவின் புதிய ஹெல்மெட் தரம் ஈசீஈ 22.06, அந்தந்த ஹெல்மெட்டுக்கென்று செய்த ஒலிக்கருவிகளைப் பூட்டியும் சோதிக்கச் சொல்கிறது. நாங்கள் மூவாயிரம் ரூபா சாமானைக் காதில் செருகிவிட்டு, ஹெல்மெட் போட்டிருக்கிறோம் என்று நினைக்கிறோம். 2015 இல் முழுமுக ஹெல்மெட்டைப் பொலிஸ் தடை செய்யப் பார்த்தபோது இந்த நாட்டு மோட்டார் சைக்கிள்காரர்கள் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. தலையைக் காப்பாற்றுகிற சாமான் என்று வாதாடி வென்ற ஹெல்மெட் அது.

சரி, விழமாட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ரோட்டுக்கு வருவோம்.

ஓட்டுமடத்தில் இருந்து ஆனைக்கோட்டை, மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை என்று காரைநகருக்குப் போகிற இந்த வீதியில் ஓடுகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ரெண்டு பக்கமும் ஒழுங்கைகள். ஒழுங்கை வாசலில் ஆளுயர மதில், அல்லது தகரவேலி. உள்ளே இருந்து வருகிறவன் முன்சில்லு வெளியே வரும் வரைக்கும் உங்களுக்குத் தெரியமாட்டான், நீங்களும் அவனுக்குத் தெரியமாட்டீர்கள். அதனால்தான் எங்கள் ஊரில் ஒழுங்கை வாசலில் சைக்கிள்காரன் மணி அடிக்கிறான், மற்றவன் ஹோன் அடிக்கிறான். கண்ணுக்கு முன்னம் காது பார்க்கிற ஊர் இது. பின்னால் காரைநகர் மினிபஸ் ஆளை ஏற்றுகிற அவதியில் வருகிறது. அவர் முந்தப்போவதைக் கண்ணாடியில் காண முன்னம் ஹோனில்தான் கேட்கிறோம். லான்ட்மாஸ்டர் பின்னேரம் லைற் இல்லாமல் வரும், சத்தம் மட்டும் வரும்.

50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 14 மீற்றர் போகிறீர்கள். பாட்டின் நடுவில் ஹோனைக் கண்டுபிடித்து, அது எங்கே என்று திரும்பிப் பார்க்க ரெண்டு செக்கன் எடுத்தால் 28 மீற்றர். சந்தி முடிந்துவிடும்.

"நான் ஒரு காதில மட்டும்தானே போடுறன்" என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாச் சட்டமும் ஒரு காதுக்கு விடுகிறது என்று எனக்கே ஒருவர் பாடம் எடுத்தார். உண்மைதான், விடுகிறது. கலிபோர்னியாவில் எங்கள் ஒழுங்கைகள் இல்லை. ஒரு சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று மூளை கண்டுபிடிப்பது ரெண்டு காதையும் ஒப்பிட்டுத்தான். வலப்பக்கச் சத்தம் இடக்காதுக்குப் போய்ச்சேரக் கொஞ்சம் பிந்தும். எவ்வளவு என்றால், ஒரு செக்கனை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கும் இல்லை, அதைவிடக் குறைவு. அந்த வித்தியாசத்தில்தான் "இடப்பக்கம் பஸ்" என்று தெரிகிறது. ஒரு காதை அடைத்தால் ஹோன் கேட்கும், எங்கிருந்து என்பது தடுமாறும். அம்புலன்ஸ் சத்தமும் அப்படித்தான். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் 2018 யூலையில் வடக்குக்கு வந்தபோது எவ்வளவு சந்தோசப்பட்டோம். அது பெரியாஸ்பத்திரிக்கு ஓடுகிறபோது முன்னால் நடுறோட்டில் ஒருவர் தலையாட்டிக்கொண்டு போகிறார். அவருக்குக் கேட்கவில்லை.

"கார்க்காரன் கண்ணாடியை ஏத்திவிட்டுப் பாட்டுக் கேக்கிறானே, அவனைக் கேளுங்கோ." கேட்கலாம். ஆனால் அவனைச் சுற்றி இரும்பு இருக்கிறது. உங்களைச் சுற்றி சேட்டு மட்டும்தான்.

"ஹெல்மெட் போட்டாலே ஒண்டும் கேக்காது, பிறகென்ன?" இது கொஞ்சம் கெட்டித்தனமான கேள்வி. ஹெல்மெட் காற்றிரைச்சலையும் ஹோனையும் சேர்த்தே குறைக்கிறது. வெளிநாட்டில் நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் காதுக்குப் பஞ்சடைப்பான் வைப்பதும் அப்படித்தான். எல்லாம் சேர்ந்து தாழும், ஹோன் அப்பவும் தனியாகக் கேட்கும். இயர்பட் செய்வது வேறு. வெளிச்சத்தத்தைத் தாழ்த்திவிட்டு அதன் மேல் புதுச்சத்தத்தைக் கொட்டுகிறது. 60 கிலோமீற்றர் வேகத்திலேயே ஹெல்மெட்டுக்குள் காற்று 90 டெசிபல் அளவுக்கு இரையக்கூடும். அதை மேவிப் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சத்தத்தை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? 85 டெசிபலை எட்டு மணித்தியாலம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடவும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. 100 டெசிபலுக்கு 15 நிமிசம். சண்டிலிப்பாய் – யாழ்ப்பாணம் ஒருவழிப் பயணத்துக்கே அது காணாது.

பிரான்சில் எங்கள் சொந்தக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். 2015 யூலை 1 முதல் அங்கே வாகனம் ஓடுகிறவர் காதில் எதையும் வைக்கக்கூடாது. சைக்கிள்காரனுக்கும் அதே சட்டம். 135 யூரோ தண்டம். ஹெல்மெட்டுக்குள்ளேயே பதித்த ஸ்பீக்கருக்கு மட்டும் விலக்கு, ஏனென்றால் அது காதை அடைக்காது. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பொடியளுக்கு வழி கேட்காமல் தொழில் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் வாங்க வேண்டியது அந்த மாதிரி ஸ்பீக்கர், அல்லது ஹான்டிலில் பூட்டுகிற போன் ஸ்ராண்ட். அவர்களை வேலைக்கு வைத்திருக்கிறவர்கள் அதற்குக் காசு கொடுக்கட்டும்.

எங்கள் ஆட்களுக்கும் ஒரு சொல். "நான் பாட்டுக் கேக்கிறேல்ல சேர், கிராஅத்தும் பயானும்தான்." ஓதினால் வாய்மூடிச் செவிதாழ்த்திக் கேட்கச் சொன்ன வேதத்தை, மினிபஸ்சுக்கு விலத்திக்கொண்டா கேட்கிறீர்கள்?

இப்போது உண்மையான கோபத்துக்கு வருகிறேன். பொடியளை விசாரித்துப் பார்த்தேன். பாதிப்பேர் பாட்டுக்காக இயர்பட் தேடவில்லை. கோல் எடுக்கத் தேடுகிறார்கள். கோல் எடுப்பது யார்? நாங்கள்தான். "எங்க நிக்கிறாய்? வெளிக்கிட்டியோ? சந்தி தாண்டியாச்சோ? வரேக்க பாண் வாங்கிக்கொண்டு வா." ரெண்டு தரம் எடுத்துப் பதில் இல்லையென்றால் வீட்டில் பூகம்பம். ரியூசன் நேரம் மாறினால் மாஸ்டர் வட்ஸ்அப்பில் வொயிஸ் போடுகிறார், பிள்ளை வந்துகொண்டிருக்கிற நேரம் பார்த்து. பிள்ளை என்ன செய்யும்? காதில் ஒன்றைச் செருகும். அதற்குச் சின்னதாக, தெரியாததாக வாங்கிக் கொடுக்க, அந்தத் தகப்பனே வந்து என்னிடம் மொடல் கேட்கிறார். ஐயா, உங்கள் மகன் ரோட்டில் இருக்கிறான் என்று தெரிந்தே அவனுக்குக் கோல் எடுத்தது நீங்கள்.

அரை மணித்தியாலம் பிள்ளையின் குரல் கேட்காமல் எங்களால் இருக்க முடியாதா? போய்ச் சேர்ந்து ஒரு மிஸ்ட் கோல் தரச் சொல்லுங்கள். அவசரமென்றால் மூன்று தரம் விடாமல் எடுங்கள், அவன் கரையில் நிற்பாட்டி எடுக்கட்டும் என்று வீட்டில் பேசி வையுங்கள். அந்த மூவாயிரத்தை ஹெல்மெட்டில் போடுங்கள். எத்தனை ஹெல்மெட்டுக்குக் கன்னப்பட்டி கொளுக்கியே இல்லை!

எங்கள் வகுப்புக் குழுவில் காலை ஆறரை முதல் ஏழரை வரையும், பின்னேரம் ஒன்றரை முதல் இரண்டரை வரையும் நான் ஒரு எழுத்தும் போடுவதில்லை. மற்ற ஆசிரியர்மார், ரியூசன் மாஸ்டர்மார் யார் யார் சேருகிறீர்கள்? பெயரைக் கீழே போடுங்கள். பெற்றோரும் போடலாம்.