எவரெஸ்ட் ஏறணுமா? மலத்தைப் பையில் கட்டிக் கீழே கொண்டு வரணும்... ஏன் இந்த விதி?

எவரெஸ்ட் ஏறுபவர்கள் ஆக்சிஜன் சிலிண்டர், கயிறு, கூடாரத்தோடு இன்னொன்றையும் கட்டாயம் எடுத்துப் போக வேண்டும். அது மலம் கழிப்பதற்கான பை. பயன்படுத்திய பையை அடிவார முகாமுக்குத் திருப்பிக் கொண்டு வர வேண்டும். அந்தப் பகுதியின் உள்ளாட்சி அமைப்பான கும்பு பசாங்லாமு 2024-ல் அறிவித்த விதி இது.

குழி தோண்டிப் புதைச்சா போதாதா? நியாயமான கேள்விதான்.

பாடம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் உருவான 'லீவ் நோ டிரேஸ்' என்ற 7 விதிகள் இன்று பல நாடுகளில் பாடமாகச் சொல்லித்தரப்படுகின்றன. போன இடத்தில் நம் தடயமே இருக்கக் கூடாது என்பதுதான் சாரம். கழிவு விஷயத்தில், தண்ணீரிலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் புதைக்கச் சொல்வார்கள். மீதியை மண்ணில் உள்ள நுண்ணுயிரிகள் பார்த்துக்கொள்ளும்.

எவரெஸ்ட்டில் ஏன் எடுபடாது?

மேலே முகாம் போடும் இடங்களில் பனியும் பாறையும்தான். உறையும் குளிரில் கழிவு மட்காது. பனி உருகினால் அப்படியே வெளியே வரும். அந்தத் தண்ணீர் ஓடுவதோ, கீழே ஷெர்பா மக்கள் வாழும் பள்ளத்தாக்கை நோக்கி. ஏறியவர் சீசன் முடிந்ததும் ஊருக்குக் கிளம்பிவிடுவார். அங்கேயே இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

பலாவ் சொல்லும் பாடம்

பசிபிக் தீவு நாடான பலாவில் 2017 முதல், வருகிறவர்களின் பாஸ்போர்ட்டிலேயே ஓர் உறுதிமொழி முத்திரை குத்தப்படுகிறது. 'இயற்கையைக் காப்போம்' என்று அந்தத் தீவின் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்து, பயணி கையெழுத்துப் போட வேண்டும். பவளப்பாறைக்குக் கேடான சன்ஸ்கிரீன்களுக்கு 2020 முதல் தடை. பனிமலையில் தோலைக் காப்பாற்றும் கிரீம், இங்கே கடலைக் கெடுக்கலாம்.

ஆக...

அக்கறை எல்லா ஊருக்கும் பொது. விதி அப்படியில்லை, அதை அந்தந்த மண்தான் முடிவு செய்யும். அதனால் வெளிநாட்டிலிருந்து பாடம் நடத்தப் போகிறவர், முதலில் உள்ளூர்க்காரரிடம் பாடம் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கு. எவரெஸ்ட் பையை ஏறியவரே சுமந்து இறங்குவாரா, கூலிக்கு வந்த ஷெர்பா தலையில் கட்டுவாரா? விதி உண்மையிலேயே மனசில் பதிந்ததா என்பது அங்கேதான் தெரியும்.