முடிதிருத்தகத்தில் ஆபத்து யாருக்கு?

கரோனா தீநுண்மியின் அன்றைய புதிய உருமாற்றமான ஒமைக்ரான், கர்நாடகத்தில் இருவருக்கு உறுதியானதாக 2021 டிசம்பர் 2-ஆம் நாள் மத்திய அரசு அறிவித்தது. சில மாதங்களாகத் தணிந்திருந்த அச்சம் மீண்டும் எழுந்தது. பொது இடங்களுக்கு வருவோர் தடுப்பூசி செலுத்திக் கொண்டிருக்க வேண்டும் எனத் தமிழகப் பொது சுகாதாரத் துறை நவம்பர் 18-ஆம் நாளே உத்தரவிட்டிருந்தது. அந்த டிசம்பரில் மதுரை மாவட்ட நிர்வாகம், ஒரு தவணைகூடச் செலுத்திக் கொள்ளாதவர்களுக்கு ஒரு வாரம் கெடு விதித்து, அதன் பின் பொது இடங்களில் அவர்களுக்கு அனுமதி இல்லை என்று அறிவித்தது.

மதுரையை அடுத்த விருதுநகர் மாவட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் இதையொட்டி ஒரு கேள்வி பல வீடுகளில் எழுந்தது. முடி வெட்டுபவர் தடுப்பூசி போட்டிருக்கிறாரா? போடாதவர் என்றால் அவரிடம் போகலாமா? வீட்டில் வயது முதிர்ந்தோரும், அப்போது தடுப்பூசிக்குத் தகுதி பெறாத சிறுவர்களும் இருந்த நிலையில் இக்கேள்வி நியாயமானதே. ஆனால், இது பாதிக் கேள்வி. மறுபாதியையும் சேர்த்துக் கேட்டால்தான் சரியான விடை கிடைக்கும்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். முடி வெட்டிக் கொள்ள ஒருவருக்கு 20 நிமிடம் ஆகிறது. ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு 15 பேருக்கு முடி வெட்டுகிறார் என்று கொள்வோம். வாடிக்கையாளர் மாதத்தில் ஒரு முறை, ஒரே ஒருவரின் மூச்சுக்காற்றுக்கு அருகில் 20 நிமிடம் அமர்கிறார். தொழிலாளியோ நாள்தோறும் 15 பேரின் முகத்துக்கு ஒரு முழத்துக்கும் குறைவான தொலைவில் 5 மணி நேரம் நிற்கிறார். வாரத்தில் ஆறு நாள் வேலை என்றால், மாதத்தில் அவர் எதிர்கொள்வது 350-க்கும் மேற்பட்ட முகங்கள். அவர்களுள் யார் தடுப்பூசி போட்டவர், யாருக்கு முந்தைய நாள் இரவு தொண்டை கரகரத்தது என்று அவர் யாரையும் கேட்க முடிவதில்லை. தடுப்பூசி போடாத தொழிலாளியால் நமக்கு ஆபத்து உண்டு. நம்மால் அவருக்கு நேரக்கூடிய ஆபத்து அதனினும் பன்மடங்கு பெரிது.

இரு தரப்பின் ஆபத்தையும் ஒருசேரக் குறைக்க வழி உண்டா? அதற்கான சான்று தடுப்பூசியே இல்லாத காலத்திலிருந்து கிடைக்கிறது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 2020 மே மாதம், ஒரே முடிதிருத்தகத்தில் பணியாற்றிய இருவருக்குக் கரோனா தொற்று ஏற்பட்டது. அறிகுறிகள் தோன்றிய பின்னும் அவர்கள் சில நாள் வேலை செய்தனர். அந்நாள்களில் அவர்களிடம் வந்து சென்ற வாடிக்கையாளர்கள் 139 பேர். அவர்களைச் சுகாதாரத் துறையினர் கண்காணித்தபோது ஒருவருக்கும் அறிகுறி தோன்றவில்லை. பரிசோதனைக்கு ஒப்புக்கொண்ட 67 பேருக்கும் தொற்று இல்லை என்றே முடிவு வந்தது. பணியாளர்களும் ஏறத்தாழ எல்லா வாடிக்கையாளர்களும் முகக்கவசம் அணிந்திருந்தனர் என்பதே இதற்கான முதன்மைக் காரணமாகக் கருதப்பட்டது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அந்த இரு பணியாளர்களும் முகக்கவசமின்றிப் பேசிக் கொண்டிருந்ததும், அவர்களில் ஒருவரின் குடும்பத்தைச் சேர்ந்தவர்களுக்குத் தொற்று பரவியதும் அதே அறிக்கையில் உள்ளன. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020 ஜூலையில் இதை வெளியிட்டது.

இச்சான்றை அப்படியே நம்மூருக்குப் பொருத்திவிட முடியாது. 2021-இன் இரண்டாம் அலையில் நாம் கண்ட டெல்டா, அன்றைய தீநுண்மியைவிட வேகமாகப் பரவக்கூடியது. மேலும், நம் கடைகளில் முடி வெட்டுவதோடு வேலை முடிவதில்லை; முகச்சவரம், மீசை ஒதுக்குதல், தலைக்கு எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுதல் எனத் தொடரும். இவற்றுள் சவரத்துக்கு முகக்கவசத்தைக் கழற்றியே ஆக வேண்டும். தடுப்பூசி நோயின் கடுமையையும் இறப்பையும் பெரிதும் குறைக்கிறதே தவிர, போட்டவரிடமிருந்து தொற்று பரவுவதை முற்றிலும் தடுப்பதில்லை. ஆகவே, கடையிலுள்ள அனைவரும் இரு தவணை போட்டவர்களாக இருந்தாலும் முன்னெச்சரிக்கை தேவை. போடாதவர் ஒருவர் இருந்தால் அது இன்னும் கண்டிப்பாகத் தேவை.

அந்த முன்னெச்சரிக்கைகள் கடினமானவையும் அல்ல. தொற்று காற்றின் வழியே பரவுவதை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. எனவே முதலில் பார்க்க வேண்டியது கடையின் காற்றோட்டம். கதவும் சன்னலும் அடைத்துக் குளிரூட்டப்பட்ட புதிய நிலையத்தைவிட, தெருவைப் பார்த்து முழுவதும் திறந்திருக்கும் பழைய சிறு கடையே பாதுகாப்பானது. கட்டணம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்ற நினைப்பு இங்கே பொருந்தாது. கூட்டம் மிகுந்த ஞாயிறு காலையைத் தவிர்த்து, வார நாளின் முற்பகலில் செல்லலாம். காத்திருக்க நேர்ந்தால் வெளியே நிற்கலாம். முடி வெட்டும்போது முகக்கவசம் இருக்கட்டும். காதோரம் கத்தரிக்கும்போது நாடாவை மட்டும் விலக்கி, கவசத்தைக் கையால் பிடித்துக் கொள்ளலாம். சவரத்தை வீட்டிலேயே செய்து கொள்ளலாம். போர்த்தும் துணியை வீட்டிலிருந்து கொண்டு செல்லலாம். காய்ச்சலோ இருமலோ இருந்தால் போகவே கூடாது. 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று நம் முடிதிருத்தகங்களில் நெடுங்காலமாகத் தொங்கும் அறிவிப்புக்கு இப்போது மருத்துவக் காரணமும் சேர்ந்துவிட்டது. உரக்கப் பேசும்போது வெளிப்படும் நுண்துளிகள் மிகுதி.

கேட்டால் தொழிலாளி மனம் வருந்துவாரோ என்ற தயக்கம் சிலருக்கு இருக்கலாம். இந்தியாவில் எச்ஐவி தொற்று முதன்முதலில் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் விழிப்புணர்வு பரவியபோது, 'புது பிளேடு போடுங்கள்' என்று கேட்க நாம் கற்றுக் கொண்டோம். தொழிலாளிகளும் அதைச் சந்தேகமாகக் கொள்ளாமல், வாடிக்கையாளர் கண்முன்னே உறையைப் பிரித்துக் காட்டும் வழக்கத்தை ஏற்றனர். பிளேடின் விலை கட்டணத்தில் சேர்ந்தது. முகக்கவசத்துக்கும் அதே வழி உண்டு. கேட்பவர், அதற்கான செலவையும் மனமுவந்து ஏற்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கான கட்டுத்துணியை நெய்து வெளியூர்களுக்கு அனுப்பும் சத்திரப்பட்டி இராஜபாளையத்துக்கு அருகில்தான் இருக்கிறது. இப்பகுதியில் முகக்கவசத் துணிக்குப் பஞ்சமில்லை.

அடுத்து, தொழிலாளி ஏன் அப்போது தடுப்பூசி போட்டுக் கொள்ளவில்லை என்று பார்க்க வேண்டும். அச்சம் ஒரு காரணம். தென்மாவட்டத்தைச் சேர்ந்த நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-ஆம் நாள் தடுப்பூசி செலுத்திக் கொண்டு, 17-ஆம் நாள் மாரடைப்பால் மறைந்தது இப்பகுதி மக்களை உலுக்கியது. அவரது மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று தேசிய அளவிலான ஆய்வுக் குழு அறிவித்தது அக்டோபரில்தான். வதந்திக்கு ஆறு மாத அவகாசம் கிடைத்துவிட்டது.

அச்சத்தைவிட ஆழமான காரணம் வருமானம். ஊசி அப்போது இலவசம்தான். ஆனால், அதைப் போட்டுக் கொள்ளச் செலவாகும் நேரமும், மறுநாள் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் இழக்கும் கூலியும் இலவசமல்ல. பொருளாதாரத்தில் இதனை வாய்ப்புச் செலவு என்பர். மாதச் சம்பளக்காரருக்கு இது ஒரு நாள் விடுப்பு. அன்றன்று வெட்டும் தலைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெறுபவருக்கு இது ஒரு நாள் அடுப்பு. நகராட்சிப் பகுதிகளிலுள்ள முடிதிருத்தகங்கள் 2020-இல் மார்ச் இறுதி முதல் மே 24 வரையிலும், 2021-இல் ஏப்ரல் 26 முதல் ஜூன் 14 வரையிலும் மூடிக் கிடந்தன. ஏறத்தாழ மூன்றரை மாதம் வருமானமே இல்லை. வாடகையும் வட்டியும் நிற்கவில்லை. 2020-இல் இவர்களுக்கு அரசு அளித்த உதவித்தொகை 2,000 ரூபாய். அந்தக் கடனை அப்போதும் அடைத்து வந்தவர், மேலும் ஒரு நாள் கூலியை இழக்கத் தயங்கியதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது.

மாபெரும் தடுப்பூசி முகாம்களைத் தமிழக அரசு 2021 செப்டம்பர் 12-ஆம் நாள் தொடங்கியது பாராட்டுக்குரியது. ஆனால், முதலில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பின்னர் பெரும்பாலும் சனிக்கிழமைகளிலும் அவை நடந்தன. அலுவலகம் செல்வோருக்கு வசதியான அந்நாள்களே முடிதிருத்தகங்களுக்கு வாரத்தின் முதன்மையான வருமான நாள்கள். நம் ஊர்களில் முடிதிருத்தகங்களுக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. திங்கள்கிழமை மாலை கடை அடைக்கும் நேரத்தில், கடைவீதியிலேயே நகராட்சி ஒரு சிறு முகாம் நடத்தினால், மறுநாள் வரக்கூடிய காய்ச்சல் விடுமுறையிலேயே கழிந்துவிடும். இழப்பு ஏறத்தாழ இல்லை. இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. இரு நகராட்சிகளும் தொழிலாளர் சங்கங்களுடன் ஒரு முறை கூடிப் பேசினால் போதும்.

அந்தக் காலமும் இதற்கு ஏற்றதாகவே இருந்தது. கார்த்திகையிலும் மார்கழியிலும் ஐயப்பனுக்கு மாலை அணிந்தோர் முடி வெட்டுவதில்லை, சவரமும் செய்வதில்லை. முடிதிருத்தகங்களில் கூட்டம் குறையும் பருவம் அது. தை பிறந்ததும் பொங்கலும் திருமணங்களும் வந்துவிடும். அப்போது கோவேக்சின் போட்டுக் கொண்டவர் 28 நாள் கழித்து, பொங்கலையொட்டி இரண்டாம் தவணையையும் முடித்திருக்கலாம். கோவிஷீல்டு எனில் அன்று இரண்டாம் தவணைக்கு 84 நாள் காத்திருக்க வேண்டியிருந்தது என்றாலும், முதல் தவணையின் ஓரளவு பாதுகாப்பேனும் பொங்கலுக்குள் கிடைத்திருக்கும். கூட்டம் வரும் முன் ஊசி சென்று சேர வேண்டியிருந்தது.

கெடு விதிப்பதால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். முகாம்களை நோக்கி மக்களை அது விரைந்து நகர்த்தக் கூடும். ஆயினும், கெடுவின் சுமை எல்லோர் மேலும் சமமாக விழுவதில்லை. 2020 ஜூன் மாதம், வாடிக்கையாளரின் ஆதார் எண், முகவரி, செல்லிடப்பேசி எண் ஆகியவற்றைக் குறித்து வைக்கும் பொறுப்பும் முடிதிருத்தகங்களின் மேல் சுமத்தப்பட்டது. வருவோரிடம் தடுப்பூசிச் சான்று கேட்கும் கடமையும் அவர்களிடமே வந்து சேர்ந்தால், வாடிக்கையாளரை இழக்க அஞ்சும் சிறு கடைக்காரரால் அதை நிறைவேற்ற இயலாது. சோதனை செய்யும் பணி அரசுடையது. அதைக் கத்தரிக்கோல் பிடிப்பவரின் தலையில் கட்டக் கூடாது.

இன்னொன்றையும் மறந்துவிடலாகாது. முடிதிருத்தும் சமூகத்துக்குத் தமிழகத்தில் மருத்துவர் என்ற பெயரும் உண்டு. நாட்டு வைத்தியம் பார்த்தவர்கள் அவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகளாக இருந்து ஊரின் பிள்ளைப்பேறுகளைப் பார்த்தவர்கள். அவர்களைத் திண்ணையோடு நிறுத்திய வழக்கமும் நம் ஊர்களில் இருந்தது. தொற்றைக் காரணம் காட்டி அந்தப் பழைய விலக்கல் புதிய வடிவில் திரும்பிவிடக் கூடாது. மதுரை மேலமடையில் முடிதிருத்தகம் நடத்தும் மோகன், மகளின் படிப்புக்குச் சேர்த்து வைத்திருந்த 5 லட்சம் ரூபாயை முதல் பொதுமுடக்கத்தில் ஏழைகளுக்குச் செலவிட்டார். 2020 மே 31-ஆம் நாள் வானொலி உரையில் பிரதமர் அவரைக் குறிப்பிட்டார். ஊரின் நலத்தில் இத்தொழிலாளர்களின் அக்கறைக்கு அது ஒரு சான்று. அவர்களது நலத்தில் ஊரின் அக்கறை எங்கே தெரிகிறது?

ஆகவே, தடுப்பூசி போடாதவர் கடைக்குப் போகலாமா என்ற கேள்விக்கு என் விடை இது. கடை திறந்த வெளியாக இருந்து, இருவரும் முகக்கவசம் அணிந்து, சவரத்தைத் தவிர்த்துக் குறைந்த நேரத்தில் முடியுமானால் பெரும்பாலானோர் தாராளமாகப் போகலாம். முதியோருக்கும் தீவிர நோயுள்ளோருக்கும், வீட்டு முற்றத்திலோ மொட்டை மாடியிலோ முகக்கவசத்துடன் வந்து வெட்டிவிடும்படி கேட்டு, அதற்குரிய கூடுதல் தொகையைக் கொடுக்கலாம். நமக்குப் பின்னர் தொற்று உறுதியானால், அதைக் கடைக்காரருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். அடுத்த முறை நாற்காலியில் அமரும்போது, 'ஊசி போட்டுவிட்டீர்களா' என்று கேட்பதோடு, போடவில்லை என்றால் 'திங்கள் மாலை போட்டுக் கொள்ளுங்கள், புதனும் காய்ச்சல் என்றால் அன்றைய இழப்பில் என் பங்கு இது' என்று ஒரு தொகையை முன்னதாகவே கொடுங்கள். பல ஆண்டு வாடிக்கையாளர்கள் பத்துப் பேர் இதைச் செய்தால், ஒருவரின் ஒரு நாள் கூலி சேர்ந்துவிடும்.