லயத்திலிருந்து இல்லத்திற்கு

கிழக்கே முகில் தவழும் நக்கிள்ஸ் மலைத்தொடர். வடக்கே வெயில் காயும் தம்புள்ளை வெளி. இவ்விரண்டையும் தன்னகத்தே கொண்டது மாத்தளை மாவட்டம். இத்தகைய மண்ணிலே வீடு கட்ட முனைவோர் முதற்கண் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு: வெயில் எப்பக்கம் காயும்? மழை எப்பக்கம் அடிக்கும்?

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தோட்டங்களில் லயங்களை எழுப்பியோர் இவ்வினாக்களைக் கேட்டிலர். எத்துணைக் குறைந்த இடத்தில் ஒரு குடும்பத்தை அடக்கலாம் என்பதே அவர்தம் கணக்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா; முன்னே ஓர் இஸ்தோப்பு; மேலே தகரம். பிறப்பும் பிணியும் சாவும் அதற்குள்ளேயே நிகழ்ந்தன.

இன்று நிலை சிறிது மாறியிருக்கின்றது. ஏழு பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடித் தனிவீடு என்னும் திட்டம் இந்திய உதவியுடன் மலையகத்திற்கு வந்தது. முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதத்தில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. இதனை வரவேற்காதார் யார்? எனினும், வீட்டின் தொகையைப் பற்றிப் பேசும் நாம் வீட்டின் இயல்பைப் பற்றிப் பேசுவதில்லை. மலைச் சரிவுக்கும் சமவெளிக்கும் ஒரே வரைபடம் பொருந்துமா?

கீழ்வெயிலும் மேல்வெயிலும் தாக்காதவாறு நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்க வேண்டும். சுவரைச் சாரல் நனைக்காதவாறு கூரையின் இறவாரம் நீள வேண்டும். ஒருபுறச் சன்னலில் நுழையும் காற்று மறுபுறத்தால் வெளியேற வழி வேண்டும். மேலெழும் வெப்பம் கழியக் கூரையடியில் துளைகள் வேண்டும். விறகடுப்பு எரியும் வீட்டிற்குப் புகைபோக்கி அலங்காரமன்று. பெண்களின் நுரையீரலுக்குக் காவல். சரிவிலே மழைநீர் வடியும் கான் சுவரினும் முந்தியது. 2025 நவம்பரில் ‘டித்வா’ புயலின்போது மலையகத்தில் நேர்ந்த மண்சரிவுகள் இதனை உயிர்விலை பெற்று உணர்த்தின.

இவையெல்லாம் செல்வர்க்கே உரியன என்பாருளர். அது பொருந்தாது. சன்னலை இடம் மாற்றி வைப்பதற்குப் பணம் வேண்டியதில்லை, சிந்தனையே வேண்டும்.

இதற்கு முன்மாதிரி தொலைவில் இல்லை. கண்டியிற் பிறந்த மினெற் டி சில்வா, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலை நிறுவனத்தின் இணையுறுப்பினரான முதல் ஆசியப் பெண்மணி. நவீனக் கட்டுமானத்தையும் உள்ளூர்க் கைவினையையும் இணைத்தவர். அவர் 1958இல் கண்டி வத்தப்புளுவை வீடமைப்புத் திட்டத்தை மேற்கொண்டபோது, அங்கே குடியேறவிருந்தோரின் தேவைகளை அவர்களிடமே கேட்டறிந்தார். வாழப்போகிறவரைக் கேட்டு வரைவதே அவர் காட்டிய நெறி.

தோட்டத்துப் பெண்ணிடம் அவ்வாறு கேட்டோமா? கேட்டிருப்பின், ஈரத்துணி உலர்த்தவும், பிள்ளை படிக்கவும், மாலையில் அயலவளோடு அமர்ந்து பேசவும் இடம் கேட்டிருப்பாள். இஸ்தோப்பு அவளுக்கு வெறும் தாழ்வாரமன்று. லயத்தின் நெருக்கத்தினூடே அவள் காத்துவந்த உறவு. புதிய வீட்டிலே அதற்கு இடமில்லையாயின், அவள் சுவர்களைப் பெற்று ஊரை இழப்பாள்.

ஏழு பேர்ச்சஸ் ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு போக எஞ்சுவதில் ஒரு பலாமரமும் கறிவேப்பிலையும் நிற்கலாம். மரம் நடுபவன் நாளையை நம்புகிறவன். அந்நம்பிக்கை வேரூன்ற, காணியுறுதி அவன் கையிலிருத்தல் வேண்டும். நிலமும் நிழலும் காற்றும் சேர்ந்த அன்றே லயம் முடியும், இல்லம் தொடங்கும்.