எருவும் ஆணையும்

சேதனம் என்பதற்கு அறிவுடைப் பொருள் என்று உரை கூறுவர் சைவ சித்தாந்தம் பயின்றோர். மக்கிய தழையையும் சாணத்தையும் நம் நாட்டு விவசாயத் திணைக்களத்தார் 'சேதனப் பசளை' என வழங்குவதைக் கேட்டால் அவர்கள் நகைக்கவுங் கூடும். எனக்கு அப்பெயர் பிடித்தே இருக்கிறது. ஒரு பிடி நல்ல மண்ணில் வாழும் நுண்ணுயிர்களின் தொகை உலக மக்கட்டொகையினும் மிகுதி என்கின்றனர் மண்ணியலார். அத்துணை உயிர் நிறைந்த ஒன்றை அசேதனம் என்று எப்படிச் சொல்வது?

ஆயினும், 2021ஆம் ஆண்டுக்குப் பின்னர் இச்சொல் ஏறக்குறைய ஒரு வசைச்சொல்லாகிவிட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளையின் இறக்குமதி ஆணையொன்றால் நிறுத்தப்பட்டது. நவம்பரில் அவ்வாணை தளர்த்தப்பட்டது. இடையிலே நெல்லும் தேயிலையும் பட்ட பாட்டை நாடறியும். சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையில் தீய பற்றீரியா கண்டு, அதனை இறக்கவொட்டாது தடுத்த கதையையும் நாடறியும். அன்று தொடங்கி, கூட்டெரு என்று வாய் திறந்தாலே "மீண்டுமா?" என்கின்றனர்.

அந்த ஆணை தோற்றதற்குக் காரணம் காண ஆறாம் வகுப்புக் கணக்கே போதும். 50 கிலோகிராம் யூரியா மூடையில் நைதரசன் 46 சதவீதம், அதாவது 23 கிலோகிராம். கூட்டெருவில் அது 1 சதவீதம் அல்லது சற்றுக் கூட இருக்கும். ஒரு யூரியா மூடைக்கு ஈடாக 46 மூடை கூட்டெரு வேண்டும். அத்தனை எரு நாட்டில் எங்கே இருந்தது? அதனை ஆக்குதற்குரிய காலந்தான் எங்கே இருந்தது? பல ஆண்டு உழைத்துப் பெறவேண்டியதை ஒரு போகத்தில் பெற நினைத்தது ஆணையின் குற்றம். பழி எருவின் தலையில் விழுந்தது.

கூட்டெருவை யூரியாவோடு ஒரே தராசில் நிறுப்பதே முதற் பிழை என்பது என் கருத்து. அது முதன்மையாக மண்ணைத் திருத்தும் பொருள். இறுகிய களியைப் பொலபொலப்பாக்கும். மழைநீரைப் பிடித்து வைக்கும். இட்ட சத்து வெள்ளத்தோடு ஓடாமற் காக்கும். ஆதலால் அது நடுகைக்கு முன்னே சேரவேண்டியது. பயிர் வாடியபின் தூவும் மருந்தன்று.

திருக்குறளின் உழவு அதிகாரத்தைக் கற்பிக்கும்போது மாணவர் கேட்கும் வினா ஒன்றுண்டு. ஒரு பலப் புழுதி காற்பலமாகும்படி காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறது ஒரு குறள். உழுதலினும் எருவிடுதல் நன்று என்கிறது அடுத்த குறள். முரண் அன்றோ? மருதநிலத்து வண்டலுக்கு முன்னது பொருந்தலாம். நம் மலைச்சரிவில் மண்ணைப் புழுதியாக்கிக் காயவிட்டால், அடுத்த மழையில் அது மகாவலியில் இருக்கும். பின்னைய குறளே நமக்குரியது. அதில் எரு, களைகட்டலுக்கும் நீர்பாய்ச்சலுக்கும் முன்னே செய்யவேண்டியதாகப் பரிமேலழகர் முறைவைப்புக் காண்பதையும் நோக்குக.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் உரைநூல் பாராமலே இதனை அறிந்திருந்தனர். பூவரசங் குழையையும் பழைய பனையோலையையும் மண்ணில் தாழ்த்திய பின்பே புகையிலை நட்டனர். இந்தூரில் 1924 முதல் 1931 வரை ஆராய்ந்த ஆல்பர்ட் ஹோவார்ட், யஷ்வந்த் வாட் என்பாருடன் சேர்ந்து 1931இல் எழுதிய நூலில் கூட்டெருவுக்கு முறை வகுத்தார். இந்திய உழவரிடம் தாம் கற்றதை அவர் மறைத்தாரில்லை.

பேராதனையைப் பார்த்தவர், இங்கே மண்ணுக்கு என்ன குறை என்பர். அவர்கள் பார்ப்பது மகாவலி மூன்று புறமும் வளைந்தோடும் தாவரவியற் பூங்காவை. ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைச் சரிவுகளின் நிலை வேறு. காடழித்துக் கோப்பி வைத்தனர்; 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலை பின்னர் அவ்விடத்தைக் கொண்டது. ஒன்றரை நூற்றாண்டு மழையில் மேன்மண் இறங்கிப் போயிற்று. என் மாணவர் சிலரின் குடும்பங்களுக்கு லயத்துக்குப் பதிலாக 7 பேர்ச் நிலத்தில் வீடு கிடைத்திருக்கிறது. மகிழத்தக்கதே. ஆனால் சரிவை இயந்திரத்தால் வெட்டிச் சமன் செய்தபோது எஞ்சிய மேன்மண்ணும் போயிற்று. அவர்கள் கையில் இருப்பது செங்களியும் உருக்கல்லும். அதில் கத்தரி நட்டு, காய்க்கவில்லையே என்று அப்பிள்ளைகளின் தாய்மார் வருந்துகின்றனர். 2022 யூன் மாதத்தில், தோட்டஞ் செய்யுங்கள் என்று அரச ஊழியர்க்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். மண்ணுக்குத் தவணை கொடுத்தாரில்லை.

நம் பாடசாலைகள் இதனைக் கற்பிக்கலாம். இப்போது அங்கே நடப்பது மரநடுகை விழா. முழங்கையளவு குழி, பிரதம விருந்தினர், ஒரு கன்று, ஒரு நிழற்படம். அடுத்த தவணையில் தாங்குகம்பு மட்டும் நிற்கும். விழாவை மூன்று மாதம் பின்போட்டு, முதலில் குவியலைத் தொடங்குவோம்.

யூலை மாதத்தில் தொடங்கினால் ஐப்பசி மழைக்கு எரு ஆயத்தமாகும். உலர்ந்த சருகும் வைக்கோலும் இரு பங்கு, பச்சைத் தழையும் சாணமும் ஒரு பங்கு, நாலடி உயரம், பிழிந்தால் ஓரிரு துளி சொட்டும் ஈரம். சில நாளில் உள்ளே 55 முதல் 65 பாகை வரை சூடேறும். களைவிதையும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் அதில் மாளும். இரு வாரத்துக்கொருமுறை புரட்டவேண்டும். கண்டிமழை நனைத்துச் சத்தைக் கரைக்காதபடி தென்னோலை மூடுதல் இன்றியமையாதது. அரைகுறையாய் மக்கியதை இட்டால் அது மண்ணிலுள்ள நைதரசனையும் பறித்துக்கொள்ளும், பொறுமை வேண்டும். எருவை நடுகைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு மேல் ஆறங்குலத்தில் கலந்துவிட வேண்டும். புளித்த மண்ணாயின் அதற்கும் முன்னே டொலமைட் சேர்ப்பது நலம்.

அதிபர்மார் இரண்டு தடை சொல்வர். நுளம்பு ஒன்று. நுளம்பு பெருகுவது குவியலில் அன்று. அதன் பக்கத்தில் எறிந்த சிரட்டையிலும் தயிர்ச்சட்டியிலும். அவற்றை உடைத்தோ கவிழ்த்தோ வைத்தால் போதும். மற்றது காட்டுப்பன்றி; புழுவைத் தேடி வந்து குவியலைக் கிளறிவிடும். இது மெய்யான தடை. கிளிரிசிடியாக் கதியாலை நெருக்கி நட்டு வேலியிடலாம். தழைத்தபின் வெட்டும் கொப்பெல்லாம் அடுத்த குவியலுக்கு ஆகும்.