மூட்டுவலி மாத்திரையின் பின்பக்கம்
முழங்கால் வலிக்குக் குளுக்கோசமைன் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் ஏராளம். அமெரிக்காவில் 1583 மூட்டுத் தேய்மான நோயாளிகளிடம் நடத்தி 2006இல் வெளியான 'கெய்ட்' ஆய்வில், குளுக்கோசமைனும் அதோடு சேர்த்து விற்கப்படும் காண்ட்ராய்ட்டினும் ஒட்டுமொத்தமாக, மருந்தில்லாத போலி மாத்திரையை விடப் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. (வலி நடுத்தரம் முதல் கடுமை வரை இருந்த ஒரு பிரிவினருக்கு மட்டும் இரண்டும் சேர்ந்து ஓரளவு கேட்டது.) பணம் போவதை விட வேறொன்றுதான் எனக்குக் கவலை. குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கப்படுவது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு அது ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டக்கூடியது. சருமத்துக்கென்று விற்கும் கொலாஜன் தூளோ மாட்டுத்தோல், மீன் செதில் போன்றவற்றிலிருந்து வருகிறது. சைவக் குடும்பத்துப் பாட்டிக்கு இதை யார் சொல்கிறார்கள்? மூலப்பொருளை டப்பாவின் முன்பக்கத்திலேயே, தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். மருந்துக்கடையில் எடுத்துக் கொடுக்கும்போதே, "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டாக வேண்டும்.