பணம் முன்னா? சரக்கு முன்னா?

இராயபுரத்தைக் கொரோனா வாட்டிய 2020 ஏப்ரல். சீனத்திலிருந்து வந்த துரித சோதனைக் கருவிகளைப் பயன்படுத்தாதீர், திருப்பி அனுப்புவீர் என்றது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். தமிழக அரசும் 24,000 கருவிகளைத் திருப்புவதாக அறிவித்தது.

இறக்குமதி விலை ரூ.245, அரசுக்குக் குறித்த விலை ரூ.600! டில்லி உயர்நீதிமன்ற வழக்கிலே அம்பலமான கணக்கு இது. ஆயினும், ஒரு ரூபாயும் நட்டமில்லை என்றது மத்திய அரசு. காரணம்? முன்பணம் தரவில்லை!

திருவொற்றியூர்த் தொழிலாளியின் கதை என்ன? கைப்பேசி வழியே பணம் முன்னே போகிறது. உடைந்த பொருள் பின்னே வருகிறது. விற்றவனோ கடலுக்கு அப்பால்!

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம், ரூ.5 லட்சம் வரை கட்டணமில்லை. நல்லது. ஆனால், அயல்நாட்டானிடம் வசூலித்துத் தருவது யார்?

தோழர்களே! சரக்கு சரியென்று வாங்கியவன் சொல்லும்வரை, இடையிலுள்ள நிறுவனம் பணத்தை நிறுத்தி வைக்கட்டும். அரசுக்குக் கிடைத்த காப்பு உழைப்பவனுக்கும் வேண்டும்!